நெய்யாற்றுச் சிங்கங்களும் ருவாண்டா மலைகளும்

திருவனந்தபுரத்திலிருந்து முப்பது கிலோமீட்டர் தொலைவில், நெய்யாறு அணையின் நீர்ப்பரப்பை ஒட்டி மரக்குன்னம் என்றொரு சிறு திட்டு இருக்கிறது. 1980களின் நடுவில் கேரள வனத்துறை அங்கே சிங்க சஃபாரி பூங்கா ஒன்றைத் தொடங்கியது. நான்கு சிங்கங்கள் வந்தன. பெருகிப் பதினேழு ஆயின. கம்பிவலை போட்ட வண்டியில் ஏறி, மரநிழலில் சோம்பிக் கிடக்கும் சிங்கத்தைப் பார்த்துவிட்டு இறங்குவதற்கென்றே தென் கேரளத்திலிருந்தும் குமரி மாவட்டத்திலிருந்தும் பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டம் கூட்டமாக அழைத்துவந்தார்கள். பெருக்கம் கையை மீறிப் போகவே 2005இல் ஆண் சிங்கங்களுக்குக் கருத்தடை செய்தார்கள். பிறகு குட்டிகள் இல்லை. வயதானவை ஒவ்வொன்றாகச் செத்தன. குஜராத்திலிருந்து ஒரு சோடியைக் கொண்டுவந்தும் பயன் இல்லை. 2021 ஜூனில் பிந்து என்ற கடைசிப் பெண் சிங்கமும் இறந்தது. இதற்கிடையே வயநாட்டில் பிடிபட்ட புலிகளைக் கொண்டுவந்து வைக்கும் இடமாகவும் அந்தப் பூங்கா மாறியிருந்தது. 2020 அக்டோபர் 31 அன்று அப்படி வந்த பெண்புலி ஒன்று கூண்டை விட்டு வெளியேறியது. மறுநாள் மயக்க ஊசி போட்டுப் பிடிக்கும்வரை சுற்றுப்புறத்தார் கதவைத் திறக்கவில்லை.

நிர்வாகக் குறைபாடு என்று சொல்லி இந்தக் கதையை முடித்துவிடலாம். பலர் அப்படித்தான் முடிக்கிறார்கள். கோளாறு அதற்கும் முன்னால், திட்டத்தை வரைந்த நாளிலேயே இருந்தது என்பது என் எண்ணம். காட்டுச் சுற்றுலா என்றால் கென்யாவும் தான்சானியாவும்தான் நம் கண்ணில் வந்து நிற்கின்றன: பரந்த புல்வெளி, திறந்த கூரை ஜீப், கைக்கு எட்டும் தூரத்தில் சிங்கம். செரெங்கெட்டி தேசியப் பூங்கா மட்டுமே ஏறத்தாழ 14,763 சதுர கிலோமீட்டர். மழையைத் தொடர்ந்து பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட காட்டுமான்கள் அந்தப் புல்வெளியில் நகர்கின்றன. அவற்றை நம்பித்தான் சிங்கம் வாழ்கிறது. ஒரு சிங்கக் குழு உலவும் பரப்பே சில சமயம் நூறு சதுர கிலோமீட்டரைத் தாண்டும். நெய்யாறு சரணாலயம் முழுவதையும் அளந்தாலும் 128 சதுர கிலோமீட்டர்தான். அதன் ஓரத்தில் சில ஏக்கரை வளைத்து வேலி போட்டு, இந்த மலையில் ஒருநாளும் இல்லாத விலங்கைக் கொண்டுவந்து விட்டோம். கிழக்கு ஆப்பிரிக்காவிடம் கடன் வாங்கத் தக்கது வேறு ஏதோ இருக்க, நாம் அதன் சுவரொட்டியை மட்டும் வாங்கி வந்தோம்.

மழைக்காடு ஜீப்பில் போய்ப் பார்க்கும் காடு அல்ல. அது அரசியலோ ரசனையோ சார்ந்த விஷயம் இல்லை, உயிரியல். புல்வெளியில் உணவு தரையில் விளைகிறது, தின்னும் விலங்கும் தரையில் கூட்டமாக நிற்கிறது. பசுமை மாறாக் காட்டில் வெயில் விழுவது மரத்தின் உச்சியில். இலையும் பூவும் பழமும் அங்கேதான். சிங்கவால் குரங்கும் மலையணிலும் இருவாச்சியும் முப்பது மீட்டர் உயரத்தில் வாழ்கின்றன. கீழே இருட்டு, ஈரம், அட்டை. யானையும் காட்டெருமையும் இருந்தாலும் பத்தடிக்கு அப்பால் நிற்பது தெரியாது. நெய்யாறு, பேப்பாறை சரணாலயங்களுக்கு மேலே எழும் அகத்தியர்கூடம் – நெல்லைப் பக்கத்தவருக்குப் பொதிகை – 1,868 மீட்டர் உயரம். கேரளம், தமிழ்நாடு என இரு மாநிலத்திலுமாக 3,500 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகத்தை 2016இல் யுனெஸ்கோ தன் உலகப் பட்டியலில் சேர்த்தது. அதற்குக் காட்டிய காரணங்களில் முதன்மையானது செடிகொடி: 2,254 வகை உயர் தாவரங்கள், அவற்றில் சுமார் 400 வேறெங்கும் இல்லாதவை, ஏலம், மிளகு, சாதிக்காய், வாழை ஆகியவற்றின் காட்டு உறவுகள். இங்கே மட்டுமே வளரும் பாஃபியோபெடிலம் ட்ரூரி என்ற மஞ்சள் ஆர்க்கிட், சேகரிப்போரின் ஆசையாலேயே அழிவின் விளிம்புக்குப் போனது. 1855இல் திருவிதாங்கூர் அரசின் வானியலாளர் ஜான் ஆலன் புரௌன் இந்தச் சிகரத்தில் ஓர் ஆய்வுக்கூடம் அமைத்தார். இத்தனை இருந்தும் தலைநகரின் சுற்றுலாத் திட்டக்காரர்களுக்கு இந்த மலை ‘ஒன்றும் தெரியாத’ காடாகவே பட்டது, சிங்கம் தேவைப்பட்டது.

கிழக்கு ஆப்பிரிக்காவில் இந்த மலைக்கு உண்மையான ஒப்புமை மாசாய் மாராவில் இல்லை. கென்யாவைவிடப் பல மடங்கு சிறிய நாடான ருவாண்டாவில் இருக்கிறது. அங்குள்ள எரிமலைகள் தேசியப் பூங்காவின் பரப்பு சுமார் 160 சதுர கிலோமீட்டர், அதாவது நெய்யாற்றைவிடச் சற்றே பெரிது. மழை, மூங்கில், சேறு, செங்குத்தான சரிவு. ஜீப் மலையடிவாரத்தோடு நின்றுவிடும். அதன் பிறகு நடைதான். மலைக் கொரில்லாவைப் பார்க்க ஒரு குழுவுக்கு எட்டுப் பேர், ஒரு மணி நேரம், அவ்வளவே. 2017 மே மாதத்திலிருந்து வெளிநாட்டவருக்கு அனுமதிக் கட்டணம் 1,500 டாலர், நம் பணத்தில் ஒரு லட்சத்துக்கும் மேல். கட்டணத்தை இரட்டிப்பாக்கிய அதே அறிவிப்பில், பூங்கா வருவாயில் சுற்றுவட்டார மக்களுக்குப் போகும் பங்கை ஐந்து விழுக்காட்டிலிருந்து பத்தாக உயர்த்தினார்கள். பள்ளிக்கூடம், மருத்துவ நிலையம், தோட்டத்தில் காட்டெருமை இறங்காதிருக்கக் கல்மதில் என்று அந்தப் பணம் செலவாகிறது. முன்பு கண்ணி வைத்தவர்களிலேயே சிலர் இன்று சுமை தூக்கவும் வழி காட்டவும் வருகிறார்கள். 1981இல் இந்தப் பூங்காவை உள்ளடக்கிய விருங்கா மலைத்தொடர் முழுவதிலும் 254 கொரில்லாக்களே இருந்தன; 2016இல் முடிந்த கணக்கெடுப்பில் 604. இந்த உயர்வு முழுவதையும் சுற்றுலாவின் கணக்கில் எழுதுவது மிகை. கால்நடை மருத்துவர்களும், உள்நாட்டுப் போரின்போதும் பணியை விடாத காவலர்களும் சேர்ந்து காத்தது அது. ஆனால் அந்தக் காவலுக்குப் பணம் எங்கிருந்து வந்தது, காட்டைக் காப்பதில் அடிவாரத்து விவசாயிக்கு என்ன லாபம் என்ற இரண்டு கேள்விகளுக்கும் ருவாண்டாவிடம் பதில் இருக்கிறது, அதுவும் எல்லோரும் பார்க்கும்படி.

நமக்கும் பதில் ஒன்று இருந்தது. 1987இல் அகத்தியமலையில் பழங்குடி அறிவைத் தேடிச் சென்ற பி. புஷ்பாங்கதன் தலைமையிலான அறிவியலாளர்கள், வழிகாட்டிகளாக வந்த, அம்மலையின் பழங்குடியினரான காணிகள் களைக்காமல் நடப்பதைக் கண்டு வியந்தார்கள். காணிகள் மென்றுகொண்டிருந்த காய்தான் பின்னாளில் ஆரோக்கியப்பச்சை என்று புகழ்பெற்ற செடியினுடையது. பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் ஆய்வு நிறுவனம் அதிலிருந்து ‘ஜீவனி’ மருந்தை உருவாக்கி, 1990களின் நடுவில் பத்து லட்சம் ரூபாய்க்கும் இரண்டு விழுக்காடு உரிமத்தொகைக்கும் கோவை நிறுவனம் ஒன்றுக்குக் கொடுத்தது. இரண்டிலும் பாதி காணிகளுக்கு என்று முடிவாயிற்று. 1997இல் அவர்களுக்கென ஓர் அறக்கட்டளை பதிவானது. பழங்குடி அறிவுக்கு வருவாயில் பங்கு கொடுப்பதில் உலகுக்கே முன்னோடி என்று இதைக் கொண்டாடினார்கள், 2002இல் ஐ.நா. விருதும் கிடைத்தது. பிறகு என்ன ஆயிற்று? ஆரோக்கியப்பச்சையைக் காணிகள் காட்டில் வளர்த்து விற்க வனத்துறை தயங்கியது, மூலிகை வரத்து தடுமாறியது, உரிமக் காலமும் முடிந்தது. கொள்கையை ஏற்றுக்கொண்டு நடைமுறையில் நழுவவிடுவது நம் நிர்வாகத்துக்குப் பழகிப்போன நோய். ஓணத்துக்கு மலைவிளைபொருள்களோடு காணிகள் கவடியார் அரண்மனைக்கு வரும் புகைப்படம் மட்டும் ஆண்டு தவறாமல் நாளிதழ்களில் வந்துவிடுகிறது.

இன்று அகத்தியர்கூட நடைப்பயணம் ஜனவரியில் தொடங்குகிறது. மூடிக் கிடக்கும் தேயிலைத் தோட்டமான போணக்காட்டிலிருந்து புறப்பட்டு, அதிருமலை முகாமில் தங்கி, மறுநாள் சிகரம். நாளொன்றுக்கு இத்தனை பேர் என்ற வரம்பு உண்டு. இணையத்தில் முன்பதிவு திறந்தால் இடங்கள் சடுதியில் தீர்ந்துபோகின்றன. சிங்கம் இல்லாவிட்டால் யார் வருவார் என்று கேட்பவர்கள் இந்த ஒன்றைக் கவனித்தால் போதும். யானையைப் பார்ப்போமா என்பதற்கே உறுதி இல்லாத நாற்பது கிலோமீட்டர் ஏற்ற இறக்கத்துக்கு இத்தனை போட்டி இருக்கிறது. ஆக, ருவாண்டாவின் பாதி நம்மிடம் ஏற்கெனவே உண்டு: நடை, எண்ணிக்கை வரம்பு, காணி வழிகாட்டிகள், சூழல் மேம்பாட்டுக் குழு நடத்தும் சமையற்கட்டு. இல்லாதது மறுபாதி. வழிகாட்டிக்கு நாள்கூலி கிடைக்கிறது. மலையின் வருவாயில் அவர் குடியிருப்புக்குச் சட்டப்படியான, முன்கூட்டியே அறிவித்த பங்கு என்று ஒன்று இல்லை. எத்தனை பேரை, எந்த மாதத்தில், எந்த வழியில் அனுப்புவது என்று முடிவெடுக்கும் மேசையில் காணிகளின் தலைவரான மூட்டுக்காணிக்கு வாக்கும் இல்லை. 2018 நவம்பரில் கேரள உயர் நீதிமன்றம் பெண்களுக்கு இருந்த தடையை நீக்கியதும், 2019 ஜனவரியில் பெண்கள் முதன்முறை அனுமதி பெற்று ஏறினார்கள். அது சரியான தீர்ப்பு. அப்போது போணக்காட்டில் உட்கார்ந்து எதிர்ப்புத் தெரிவித்த காணிகளின் வாதத்தை நான் ஏற்கவில்லை. ஆனாலும், அவர்கள் தெய்வம் என்று வணங்கும் மலையில் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான ஆண்கள் ஏறிக்கொண்டிருந்தபோது அவர்களிடம் யார் கருத்துக் கேட்டார்கள் என்பதும் கேட்க வேண்டிய கேள்விதான்.

எதிர்வாதங்களில் கனமானது ஒன்று உண்டு. கிழக்கு ஆப்பிரிக்கப் பூங்காக்கள் வெளியேற்றத்தின் மேல் எழுந்தவை; அவற்றைப் போய் முன்மாதிரி என்பதா? உண்மைதான். செரெங்கெட்டியிலிருந்து 1959இல் மாசாய்களை அப்புறப்படுத்தி கொரோங்கோரோ பக்கம் அனுப்பினார்கள். இப்போது அங்கிருந்தும் போகச் சொல்லி நெருக்குகிறார்கள். கொரில்லாக் காடுகளில் தலைமுறை தலைமுறையாக வேட்டையாடி வாழ்ந்த பட்வா மக்கள் காட்டை இழந்து, அந்தச் சுற்றுலாவின் விளிம்பில் நின்று ஆடிக் காட்டிப் பிழைக்கிறார்கள். வருவாய்ப் பங்கு அடிவாரத்து விவசாயியைச் சேர்ந்த அளவுக்கு அவர்களைச் சேரவில்லை. ஆகவே ருவாண்டாவை அப்படியே பெயர்த்து வைப்பது இன்னொரு மரக்குன்னம் ஆகிவிடும். நமக்குச் சாதகமான வேறுபாடு ஒன்று இருக்கிறது: காணிகள் இன்னும் காட்டுக்குள்ளேயே இருக்கிறார்கள், 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டமும் அவர்கள் பக்கம் நிற்கிறது. வெளியேற்றிவிட்டு இழப்பீடு தேட வேண்டிய கட்டாயம் நமக்கு இல்லை.

கட்டணம் உயர்ந்தால் காடு பணக்காரனுக்கு மட்டும் என்றாகிவிடுமே என்பது அடுத்த கேள்வி. ருவாண்டாவே தன் குடிமக்களிடம் அந்த 1,500 டாலரைக் கேட்பதில்லை. நான் கட்டணத்தை உயர்த்தச் சொல்லவும் இல்லை. இருக்கும் கட்டணத்தைப் பிரிக்கச் சொல்கிறேன். வருமானமே வேண்டாம், எல்லோரையும் இலவசமாக விடுங்கள் என்பவர்கள் மலையின் மறுபக்கம் பாபநாசத்துக்கு மேலே, களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள், ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயிலில் லட்சக்கணக்கானோர் கூடும் நாள்களை நினைத்துப் பார்க்கட்டும். ஆற்றங்கரையில் சேரும் குப்பையை அள்ள ஆண்டுதோறும் ஒரு படையே வேண்டியிருக்கிறது. பக்தி குறைந்தது என்று அங்கே யாரும் சொல்ல முடியாது. எண்ணிக்கைதான் காட்டைத் தின்கிறது. அகத்தியர்கூடத்தில் இடம் கிடைக்காதவர்களுக்குக் கோட்டூர், பேப்பாறை, பொன்முடி பக்கம் உள்ள தாழ்வான காடுகளில் அரைநாள் நடைகளை ஏற்பாடு செய்யலாம். முதியவர்களும் குழந்தைகளும் போகக்கூடிய வழிகள் அங்கே இருக்கின்றன.

வனத்துறை இதைச் செய்ய முடியாது என்ற சலிப்பும் கேட்கிறது. அதே துறை தேக்கடியில் செய்திருக்கிறது. 1990களின் பிற்பகுதியில் பெரியாறு புலிகள் காப்பகத்தில் வயனா மரப்பட்டை திருடிப் பிழைத்தவர்கள் மேலிருந்த வழக்குகளைப் பேசித் தீர்த்து, அவர்களையே குழுவாக்கிக் காவலும் மலைநடையும் ஒப்படைத்தார்கள். சுற்றுலாவிலிருந்து கிடைக்கும் பணத்தைத் தலைநகரின் கருவூலத்துக்கு அனுப்பாமல் அங்கேயே செலவிட 2004இல் பெரியாறு அறக்கட்டளை வந்தது. பறம்பிக்குளமும் பின்னர் அந்த வழியில் போனது. அவை புலிகள் காப்பகங்கள் என்பதால் அவற்றுக்குத் தனிச் சட்ட ஏற்பாடு கிடைத்தது. நெய்யாறும் பேப்பாறையும் வெறும் சரணாலயங்கள். தடை அந்த அளவில்தான் இருக்கிறது, ஓர் அரசாணை அதை நீக்கிவிடும்.

அந்த அரசாணைக்காகக் காத்திராமல் உடனே செய்யக்கூடிய ஒன்றும் உண்டு. வரும் ஜனவரி நடைப்பயணத்துக்கு வனத்துறை அறிவிப்பு வெளியிடும்போது கட்டணத் தொகைக்குக் கீழே இன்னொரு வரி சேர்க்கலாம்: இதில் இத்தனை ரூபாய் வழிகாட்டிக்கு, இத்தனை பாதை பராமரிப்புக்கு, இத்தனை இன்னின்ன காணிக் குடியிருப்புகளின் ஊர்க்கூட்டத்துக்கு. பருவம் முடிந்து பாதையை மூடும்போது, அந்தப் பணம் எங்கே போனது என்ற கணக்கை அதே குடியிருப்புகளில் படித்துக் காட்டலாம்.