தண்ணீரை மாற்றாமல் புண் ஆறாது



சில வாரங்களுக்கு முன் ஒரு நாள் அதிகாலையில் தலவாக்கலையில் பஸ் ஏறினேன். ஒரு தங்கையைச் சமாதானப்படுத்தி வீட்டுக்கு அழைத்து வந்துவிட வேண்டும் என்ற ஒரே எண்ணம்தான் அப்போது என் மனதில் இருந்தது.

அவள் நமது பகுதித் தோட்டமொன்றில் பிறந்தவள். கணவனின் அடி பொறுக்க முடியாமல் இரண்டு முறை தாய் வீட்டுக்கு வந்தாள். இரண்டு முறையும் பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். "இனிமேல் குடிக்க மாட்டேன்" என்று அவனிடம் வாக்கு வாங்கிக்கொண்டு அவளைத் திருப்பி அனுப்பினார்கள். அப்படி அனுப்பியவர்களில் நானும் ஒருத்தி. மூன்றாம் முறை அவள் எங்கள் யாரிடமும் வரவில்லை. கொழும்புக்கும் நீர்கொழும்புக்கும் இடையில், அலங்கார மீன்களை வெளிநாட்டுக்கு அனுப்பும் ஓர் இடத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். "நீங்க சொன்னா கேப்பா மிஸ்" என்று பெரியவர்கள் என்னை அனுப்பி வைத்தார்கள்.

அவள் வேலை செய்யும் இடத்தில் வரிசை வரிசையாகக் கண்ணாடித் தொட்டிகள். அத்தனையிலும் கடல் மீன்கள். மஞ்சளும் நீலமும் செம்மஞ்சளுமாகக் கண்ணைப் பறித்தன. நமது நாட்டைச் சுற்றியுள்ள பவளப் பாறைகளில் சுழியோடிகள் கைவலையால் பிடிக்கும் மீன்கள் இவை. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் கிழக்குக் கடலிலும், மற்ற மாதங்களில் தெற்கு, மேற்குக் கடல்களிலும் பிடிப்பார்களாம். பிறகு ஒட்சிசன் நிரப்பிய பொலித்தீன் பைகளில் விமானம் ஏறுகின்றன.

ஓரமாக இருந்த சில தொட்டிகள் அவளுடைய பொறுப்பு. செட்டை கிழிந்த மீன்களுக்கான இடம் அது. கிழிந்த மீனை யாரும் வாங்கமாட்டார்கள். அதைத் தேற்றி எடுப்பதுதான் அவள் வேலை.

"செட்டைங்கிறது குடை மாதிரி மிஸ்" என்றாள். குடைக்கம்பி போல மெல்லிய எலும்புக் கதிர்கள். அவற்றின் மேல் விரித்த துணி போலத் தோல். வலையில் சிக்கினால் கிழியும். நெருக்கமாக அடைத்து வைத்தால் ஒன்றையொன்று கடிக்கும். தண்ணீர் கெட்டுப்போனால், கடி படாத மீனுக்கும் செட்டை ஓரம் அரிக்கத் தொடங்கும்.

கிழிவு வேறு, அழுகல் வேறு என்று இரண்டு தொட்டிகளைக் காட்டினாள். வெறும் கிழிவு என்றால் ஓரம் தெளிவாக இருக்கும். அழுகல் என்றால் ஓரம் பால் போல வெளுத்தோ சிவந்தோ இருக்கும். நாளுக்கு நாள் உடம்பை நோக்கி ஏறும். கடல் நீரில் சாதாரணமாகவே இருக்கும் விப்ரியோ போன்ற பக்டீரியாக்கள், மீன் சோர்ந்திருக்கும் நேரம் பார்த்துப் புண்ணில் பற்றிக்கொள்கின்றன.

கடல் மீனுக்கு இன்னுமொரு கஷ்டம் உண்டு. கடல் நீரில் லீட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. மீனின் உடலுக்குள் இருப்பது அதில் மூன்றிலொரு பங்குதான். ஆகவே அதன் உடம்பிலிருந்து தண்ணீர் வெளியேறிக்கொண்டே இருக்கும். அதை ஈடுகட்ட மீன் ஓயாமல் கடல் நீரைக் குடிக்கிறது. தோலில் புண் விழுந்தால் இந்த இழப்பு இன்னும் கூடும். வெளியே சிறு கிழிசலாகத் தெரிவது உள்ளே முழு உடம்பையும் வாட்டுகிறது.

"என்ன மருந்து போடுவாய்?" என்று கேட்டேன்.

அவள் சிரித்தாள். "மருந்து கடைசியாத்தான் மிஸ். மொதல்ல தண்ணி."

மீன் வெளியேற்றும் அமோனியா தொட்டியில் சேர்ந்தால் அதுவே நஞ்சு. வடிகட்டியில் வளரும் நல்ல பக்டீரியாக்கள் அதைத் தீங்கு குறைந்த பொருளாக மாற்றுகின்றன. அதற்கு மேலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் மாற்ற வேண்டும். புதுத் தண்ணீரின் உப்பும் சூடும் பழைய தண்ணீரோடு ஒத்திருக்க வேண்டும். மீன் ஒளிந்துகொள்ளச் சிறு குழாய்த் துண்டு ஒன்று போடுவார்கள். பயந்த மீன் சாப்பிடாது, சாப்பிடாத மீன் தேறாது. அழுகல் ஏறிக்கொண்டே போனால் மட்டும் தனித் தொட்டியில் மருந்து.

காரணத்தை நீக்கிவிட்டால் மிச்சத்தை மீனே பார்த்துக்கொள்கிறது. முதலில் புண்ணைத் தோல் மூடும். அதன் கீழே உயிரணுக்கள் திரண்டு புதிய கதிர்களை வளர்க்கும். சிறு கிழிவு ஒன்றிரண்டு வாரத்தில் கூடும். துண்டாகப் போனது வளர வாரக்கணக்கில் ஆகும். புதிதாக வளர்ந்த இடம் முதலில் நிறமில்லாமல் கண்ணாடி போல இருக்கும். நிறம் பிறகுதான் வரும். ஆனால் செட்டை உடம்போடு சேரும் அடிவரை அழுகிவிட்டால் அது மீண்டும் வளர்வது கடினம்.

கவ்வாத்து வெட்டிய தேயிலைச் செடி என் நினைவுக்கு வந்தது. வேரில் சத்து இருந்தால்தானே அது மறுபடி துளிர்க்கும்?

"தேறினதும் பழைய தொட்டியிலேயே விடுவாயா?" என்று கேட்டேன்.

"கடிச்ச மீன் அங்கயே இருந்தா எப்பிடி மிஸ் விடுறது? மொதல்ல அதத்தான் வெளிய எடுப்போம். அது முடியாட்டித்தான் கடிபட்டதத் தனியா வைப்போம்."

அவள் மீனைப் பற்றித்தான் சொன்னாள். எனக்குத்தான் முகத்தை வைத்துக்கொள்ள இடமில்லாமல் போயிற்று. சமூகவியல் படித்தேன், இத்தனை வருடமாக இந்த வேலை பார்க்கிறேன். இரண்டு முறையும் புண் ஆறியதா என்று பார்த்தேனே தவிர, தண்ணீர் மாறியதா என்று பார்க்கவில்லை. ஒரு வாக்கை வாங்கிக்கொண்டு அதே தொட்டியில் அவளை விட்டேன்.

மாலையில் தனியாகவே திரும்பி வந்தேன். பெரியவர்களிடம், "அவளை ஏன் கூட்டி வரவேண்டும் என்று கேட்கிறேன், அவன் என்ன மாறியிருக்கிறான் என்று நீங்கள் சொல்லுங்கள்" என்றேன். யாரும் பதில் சொல்லவில்லை. மாமியார் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு, "எனக்கும் அந்தக் காலத்தில் இதுதான் நடந்தது" என்றார்.

சகோதரிகளே, கடிப்பதை வெளியே எடுக்க நமது நாட்டில் சட்டமும் இருக்கிறது. 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ், பாதிக்கப்பட்டவர் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். அவர் சார்பில் பொலிஸ் அதிகாரியும் கேட்கலாம். அடிப்பவர் அந்த வீட்டுக்குள் நுழையக் கூடாது என்றுகூட நீதிமன்றம் கட்டளையிடலாம். கட்டளை 12 மாதங்கள் வரை செல்லும். எங்கே போவது என்று தெரியாதவர்கள் 1938 என்ற மகளிர் உதவி இலக்கத்துக்கு அழைத்துக் கேளுங்கள்.

நம் லயத்தில் ஒரு பெண் அடிபட்டுத் தாய் வீட்டுக்கு வந்தால், "பொறுத்துப் போ" என்று சொல்ல வாயெடுக்கும் முன் ஒரு நிமிடம் நில்லுங்கள். அங்கே தண்ணீர் மாறிவிட்டதா என்று முதலில் கேளுங்கள். அடிவரை அழுகும் வரைக்கும் காத்திருக்க வேண்டாம்.

அந்தத் தங்கை போன வாரம் தொலைபேசியில் பேசினாள். நான் பார்த்த அந்தச் செம்மஞ்சள் மீனுக்குச் செட்டை முழுவதும் வளர்ந்துவிட்டதாம். "கலர்தான் இன்னும் சரியா வரல்ல மிஸ். அது மெதுவா வரும்" என்றாள்.