காட்டை வெட்டிய பெருமை

"காட்டை வெட்டி நாடாக்கியது நாம்தான்." நூல் வெளியீடு, தீபாவளி உபசரிப்பு, அரசியல் கூட்டம் என எங்கே போனாலும் யாராவது இதைச் சொல்வார்கள். உடனே கைதட்டல் விழும். தாப்பாக்காரனான எனக்கு அப்போது ஒரே கேள்விதான்: அது யாருடைய காடு?

தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் சாலையில் பெட்டாயும் டுரியானும் விற்கிற சின்னக் கடைகளைப் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலும் செமாய் மக்களின் கடைகள். தீபகற்பத்தின் 18 ஒராங் அஸ்லி பிரிவுகளில் பெரியது அவர்களுடையது. 1885-ல் வில்லியம் கேமரன் அந்த மலையைக் 'கண்டுபிடித்தார்' என்று பாடப்புத்தகம் சொல்கிறது. அப்படியானால் அதற்கு முன்பே அங்கே இருந்தவர்கள் யார்? மரங்களா?

நம் ஆட்களுக்கு ஒராங் அஸ்லி ஞாபகம் வருவது ஒரே ஒரு சமயத்தில்தான். எவனாவது நம்மை 'வந்தேறி' என்று திட்டும்போது, "உண்மையான மண்ணின் மைந்தன் ஒராங் அஸ்லிதான், நீயும் வந்தவன்தான்" என்று பதிலுக்கு வீசுகிறோம். சரியான பதில்தான். ஆனால் சண்டை முடிந்ததும் அந்தக் கல்லைக் கீழே போட்டுவிட்டுப் போய்விடுகிறோம். 2019-ல் கிரிக் பக்கம் தெமியார் மக்கள் மரலோரிகளை மறித்துத் தடுப்பு போட்டபோது, நம் இலக்கியக் கூட்டங்களில் எத்தனை பேர் அதைப் பேசினோம்?

சட்டத்தைப் பாருங்கள். 1954-ஆம் ஆண்டின் பூர்வகுடிச் சட்டம் அவசரகாலத்தில் பிறந்தது. கம்யூனிஸ்டுகளிடமிருந்து காட்டு மக்களைப் பிரித்து வைப்பதுதான் அன்றைய அரசின் கவலை. அந்தச் சட்டப்படி ஒதுக்கப்பட்ட நிலத்தில் குடியிருப்பவருக்குக்கூட, அரசு நினைத்தால் எழுப்பிவிடக்கூடிய குத்தகைதாரரைவிடப் பெரிய உரிமை கிடையாது. மாநில அரசு ஒதுக்கீட்டை ரத்து செய்யலாம். பழமரத்துக்கும் பால்மரத்துக்கும் இழப்பீடு கொடுத்தாக வேண்டும், ஆனால் நிலத்துக்குக் 'கொடுக்கலாம்'. மரத்துக்கு இருக்கிற மதிப்பு மண்ணுக்கு இல்லை!

இந்த அநியாயத்தை நீதிமன்றங்களே பார்த்திருக்கின்றன. ஜொகூரில் லிங்கியு அணைக்காகக் காட்டை இழந்த ஜக்கூன் மக்களுக்கு 1996-ல் உயர்நீதிமன்றம் 2.65 கோடி ரிங்கிட் இழப்பீடு வழங்கியது. விமான நிலைய நெடுஞ்சாலைக்கு நிலம் பறிக்கப்பட்ட டெங்கில் தெமுவான் மக்கள் 2002-ல் வென்றார்கள். 2005-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அவர்கள் பக்கமே நின்றது. பட்டா இல்லாவிட்டாலும் மரபுவழி உரிமை உண்டு என்பதுதான் அந்தத் தீர்ப்புகளின் சாரம். ஆனால் ஒவ்வொரு கம்போங்கும் தனித்தனியாக வழக்குப் போட்டு, பல வருஷம் அலைந்துதான் அதை நிரூபிக்க வேண்டுமாம். மனித உரிமை ஆணையமான சுஹாக்காம் தேசிய விசாரணை நடத்தி 2013-ல் 18 பரிந்துரைகளைக் கொடுத்தது. சட்டம் இன்னும் அதே பழைய சட்டம்தான்.

ஏன் நகரவில்லை? பூர்வகுடி நலன் மத்திய அரசின் பொறுப்பு, நிலமும் காடும் மாநிலத்தின் கையில். வெட்டுமரம் மாநிலத்துக்கு வருமானம். ஒருவர் நலம் விசாரிக்க, இன்னொருவர் மரம் வெட்ட அனுமதி கொடுக்கிறார். 2019-ல் குவா மூசாங் தெமியார் மக்களுக்காக மத்திய அரசே கிளந்தான் அரசின் மேல் வழக்குத் தொடுக்க வேண்டிய நிலை வந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

"நமக்கே ஆயிரம் பிரச்சினை, இதுல இது வேறயா?" என்பீர்கள். அந்த ஆயிரத்தில் பெரியது எது? தோட்டம் விற்கப்பட்டதும், தலைமுறையாக இருந்த லயத்தைக் காலி பண்ணச் சொன்னதுதானே? 2009-ல் பினாங்கில் கம்போங் புவா பாலாவை இடித்தபோது நம்மவர்களிடம் என்ன கேட்டார்கள்? "கிராண்ட் இருக்கா?" அதே கேள்விதான் செமாயிடமும் கேட்கப்படுகிறது. இரண்டும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. நாம் கொண்டுவரப்பட்ட கூலிகள், அவர்கள் அந்த மண்ணிலேயே இருந்தவர்கள். அவர்களின் உரிமை நம்முடையதைவிடப் பழையது, ஆழமானது. ஆனால் காகிதம் இல்லாத வாழ்க்கை வாழ்க்கையே இல்லை என்கிற அந்த வாதத்தை நமக்கு நடக்கும்போது மட்டும் எதிர்த்தால், அதற்குப் பேர் நியாயமில்லை, சுயநலம்.

காட்டை வெட்டிய கைகள் நம்முடையவை. கங்காணியின் பிரம்பும் மலேரியாவும் பட்ட வேதனையும் நிஜம். அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் மக்கள் நடமாடிய காட்டை 'அரசு நிலம்' என்று எழுதிக்கொண்டு கம்பெனிகளுக்குக் கொடுத்தவன் காலனிக்காரன். ஆளில்லாத காடு என்பது அவன் சொன்ன கதை. அதை நாம் ஏன் இன்னும் பெருமையாகச் சொல்லித் திரிகிறோம்?

எழுதுகிற இளைஞர்களிடம் கேட்கிறேன். நம் தோட்டக் கதைகளில் ஒராங் அஸ்லி வந்தால் தேன் விற்பான், மருந்து வேர் கொடுப்பான், அப்புறம் காட்டுக்குள் மறைந்துவிடுவான். அவனுக்குப் பேர்கூட இருக்காது. 'சக்காய்' என்று நம் வீட்டுப் பெரிசுகள் கூப்பிட்டது வசைச்சொல் என்பதாவது தெரிந்திருக்க வேண்டும். அடுத்த கதையில் அவனுக்குப் பேர் வையுங்கள். தோட்டம் வருவதற்கு முன் அந்த ஆற்றங்கரையில் யார் இருந்தார்கள் என்று விசாரித்து எழுதுங்கள். 1954-ஆம் ஆண்டுச் சட்டம் மாற வேண்டும் என்று கையெழுத்து கேட்டு வந்தால் போடுங்கள். அதுவரைக்கும் அந்த மேடை வாக்கியத்துக்கு நான் கைதட்டப் போவதில்லை.