ஞாயிற்றுக் கிழமை பூட்டு!

ஒரு பல்கலைக் கழகத்தின் சின்ன மியூசியம். நாலே அறைகள். இந்த வட்டாரத்தின் சரித்திரமும் கலையும் அதற்குள் இருக்கின்றன என்று சொன்னார்கள். பஞ்சாலைத் தொழிலாளர்கள் எட்டுப் பேரும், விவசாயத் தொழிலாளப் பெண்கள் ஆறு பேரும், நாங்கள் இரண்டொருவருமாக ஒரு ஞாயிற்றுக் கிழமை போய் நின்றோம். பூட்டுத் தொங்கிற்று. "திங்கள் முதல் வெள்ளி வரை, காலை 10 மணி முதல் மாலை 5 மணி வரை" என்றது பலகை. மில்லிலே மிஷின் ஓடுகிற நேரம். வயலிலே நாற்று நடுகிற நேரம். அந்த நேரத்தில் கை சும்மா இருப்பவர் யாரோ, அவருக்குத்தான் சரித்திரமாம்!

நாங்கள் விடவில்லை. மறு வாரம் செவ்வாய்க் கிழமை, ஒரு நாள் கூலியை இழந்து அதே பதினான்கு பேரும் வந்தார்கள். ஞாயிறன்று ஏன் திறப்பதில்லை என்று அதிகாரியைக் கேட்டோம். "பொதுமக்கள் வருவதில்லையே, அவர்களுக்கு இதிலெல்லாம் ருசி கிடையாது" என்றார். பேஷ்! கடையைப் பூட்டி வைத்துவிட்டு, வாங்க ஆளில்லை என்று புலம்புகிற வியாபாரியைக் கண்டதுண்டா? வைகைக் கரையிலே கீழடியில் 2023ல் அரசாங்கம் மியூசியம் திறந்தது. குழந்தை குட்டிகளோடு அங்கே போய்ப் பார்க்கிறவர்கள் யார்? ருசியில்லாத இதே பொதுமக்கள்தான்!

ருசி யாருக்கு இல்லை என்பது உள்ளே போனதும் தெரிந்தது. கண்ணாடிப் பெட்டியில் நடுவே துளையிட்ட சிறு வட்டுகள். "சுடுமண் பொருள், உபயோகம் தெரியவில்லை" என்று சீட்டு. நூற்புப் பிரிவில் முப்பது வருஷம் உழைத்த மூத்த தோழர் குனிந்து பார்த்தார், சிரித்தார். "இது தக்களி வட்டு ஐயா! இந்தத் துளையிலே குச்சியைச் செருகிச் சுழற்றி நூல் நூற்பார்கள். எங்க பாட்டி நூற்றிருக்கிறாள்" என்றார். கீழடியில் கிடைத்த இதே சாமானைத் தக்களி என்று பெயர் சொல்லியே காட்டுகிறார்கள். படித்த மேதாவிகளுக்கு உபயோகம் தெரியவில்லை, நூற்றவனுக்குத் தெரிந்தது. எங்களுக்குச் சுற்றிக் காட்டிய இளைஞர் அதை நோட்டில் குறித்துக் கொண்டார். நல்ல பிள்ளை. அவரும் தினக்கூலிதான் என்று பிறகு தெரிந்தது.

அடுத்த அறையில் வெண்கலச் சிலைகள். ஒவ்வொன்றின் கீழும் ராஜாவின் காலம், சிலையைத் தந்த மிராசுதாரின் பெயர். தேன்மெழுகில் உருவம் பிடித்தவன் யார்? ஆற்று வண்டலைக் குழைத்துப் பூசியவன் யார்? மெழுகை உருக்கி ஓடவிட்டு, அந்த வெற்றிடத்தில் கொதிக்கும் உலோகத்தை ஊற்றியவன் யார்? சீட்டிலே ஒரு வார்த்தை கிடையாது. கேட்டால், "பெயர் கிடைக்கவில்லை" என்கிறார்கள்.

எல்லாப் பெயரும் கிடைக்காது, ஒப்புக் கொள்கிறோம். கிடைத்த பெயர்களை என்ன செய்தீர்கள்? 1010ல் முடிந்த தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டைப் பாருங்கள். தலைமைத் தச்சன் குஞ்சரமல்லன் பெயர் இருக்கிறது. வேறு கோயில்களிலிருந்து கொண்டுவந்து குடிவைத்த 400 ஆடல் பெண்களின் பெயர்கள், எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு என்பதோடு இருக்கின்றன. ஆளுக்கு வருஷத்துக்கு 100 கலம் நெல் என்ற கணக்கும் இருக்கிறது. அதே கோயில் கல்வெட்டுகளிலே, வரியில்லாத நிலங்களின் வரிசையில் கம்மாணசேரி, பறைச்சேரி, தீண்டாச்சேரி என்றும் வெட்டியிருக்கிறது. பொற்காலம் பொற்காலம் என்று மேடையில் முழங்குகிற கனவான்கள் இந்த வரியை மட்டும் வாசிக்க மறந்துவிடுகிறார்கள்!

இன்னொரு கல்வெட்டு, திருப்பாம்புரத்திலே, 1201ம் வருஷத்தியது. பஞ்சம், நெல் விலை ஏறிவிட்டது. ஒரு வேளாளர் தம்மையும் தம் பெண்கள் இருவரையும் 110 காசுக்குக் கோயிலுக்கு அடிமையாக விற்றுக் கொண்டார். இதை நாங்கள் சொன்னபோது அந்த அறையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. "அந்தப் பெண்கள் பேரு என்னங்க?" என்று கேட்டார் நடவு வேலை செய்யும் அம்மா ஒருவர். அந்தக் கேள்வியை எந்தச் சீட்டிலும் காணோம். இந்தக் கல்வெட்டின் மசிப்படி ஒன்றைச் சுவரில் மாட்டி, பக்கத்தில் நாலு வரி தமிழில் எழுதி வைக்க எவ்வளவு செலவாகும்? கண்ணாடிப் பெட்டிக்கு ஆகிற செலவு கூட ஆகாது.

பல்கலைக் கழகம் எவன் அப்பன் வீட்டுச் சொத்தும் அல்ல. தீப்பெட்டி முதல் துணி வரை வாங்குகிற பொருளுக்கெல்லாம் நாம் கட்டுகிற வரியும் சேர்ந்துதான் அந்தக் கட்டடத்தை நடத்துகிறது. பதினான்கு பேரும் கையெழுத்திட்டு மனுக் கொடுத்து வந்திருக்கிறோம். ஞாயிற்றுக் கிழமை திறக்க வேண்டும். அன்று வேலை செய்கிறவர்களுக்கு மாற்று விடுமுறையும் முழுச் சம்பளமும் தர வேண்டும். ஒவ்வொரு பொருளையும் எந்தத் தொழிலாளி, எந்தக் கருவியால், எப்படிச் செய்தான் என்று எழுத வேண்டும். தெரியாததைத் தொழில் தெரிந்தவர்களிடம் கேட்க வேண்டும். மனுவை வாங்கிக் கொண்ட அதிகாரி, "பரிசீலிக்கிறோம்" என்றார்.

வரும் ஞாயிறு மறுபடி போகிறோம். இந்தத் தடவை இரண்டு பஸ் கொள்கிற ஆட்கள் பேர் கொடுத்திருக்கிறார்கள்.