ஒற்றைக் குரலும் கூட்டுக் குரலும்

கோலார் தங்கவயலின் பெயரை நாடெங்கும் கொண்டுசென்றது 2018இல் வெளிவந்த ‘கே.ஜி.எஃப்’ திரைப்படம். ஆனால், அதில் தொழிலாளர் ஒரு நாயகன் வந்து மீட்பதற்காகக் காத்திருக்கும் ஊமைக் கூட்டமாகவே சித்திரிக்கப்பட்டனர். கைரேகைப் பதிவை எதிர்த்து 1930இல் 21 நாட்கள் வேலைநிறுத்தம் செய்த தங்கவயல் தொழிலாளரின் வரலாற்றை அறிந்தோர்க்கு இது உறுத்தவே செய்யும். அது கற்பனைக் கதை. உண்மை வரலாற்றைப் படமாக்குவோரேனும் இப்பிழையைத் தவிர்க்கின்றனரா? விடுதலைப் போராளி உஷா மேத்தாவைப் பற்றி 2024 மார்ச்சில் வெளியான ‘ஏ வதன் மேரே வதன்’ என்னும் இந்திப் படத்தை இக்கேள்வியோடு அணுகலாம்.

1942 ஆகஸ்டில் தலைவர்கள் சிறைப்பட்டு, ஏடுகளின் வாய் கட்டப்பட்ட வேளையில், 22 வயது உஷாவும் தோழர்களும் பம்பாயில் ரகசிய காங்கிரஸ் வானொலியை நடத்தினர். நவம்பர் 12 அன்று காவல்துறை வளைத்துப் பிடிக்கும்வரை, இடம்விட்டு இடம் மாறி அது ஒலித்தது. மறக்கப்பட்ட இப்பெண்ணின் துணிவை இளந்தலைமுறையிடம் சேர்த்திருப்பது இயக்குநர் கண்ணன் ஐயரின் சாதனை. லோகியாவின் பங்கும் உரிய மதிப்புடன் பதிவாகியுள்ளது. ‘வெள்ளையனே வெளியேறு’ முழக்கத்தில் கம்யூனிஸ்ட் கட்சி அன்று மாறுபட்டு நின்றது உண்மை. அத்துணிவைப் போற்ற அது தடையன்று.

படத்தின் குறை வேறிடத்தில் உள்ளது. உஷாவுக்கு நான்காண்டுச் சிறை. உடன் உழைத்த பாபுபாய் காக்கருக்கு ஐந்தாண்டு. இத்தகைய தோழர்களுக்குரிய இடத்தைக் கற்பனைப் பாத்திரங்களும் காதல் கிளைக்கதையும் பிடித்துக்கொள்கின்றன. ஏடுகள் வெளியிட அஞ்சிய ஜாம்ஷெட்பூர் வேலைநிறுத்தத்தையும், ஆஷ்டி, சிமூர் கிராமங்களில் நடந்த கொடுமைகளையும் மக்களுக்கு அறிவித்தது அவ்வானொலி. அதன் உயிர் அச்செய்திகளில் இருந்தது. படமோ, செய்தியைப் பின்னுக்குத் தள்ளி, நாட்டுப்பற்று உணர்ச்சியையே முன்னிறுத்துகிறது.

விளைவு, அன்றைய போராட்டம் இன்றைய ஆட்சியாளரும் கைதட்டி ரசிக்கத்தக்க பழங்கதையாகிவிடுகிறது. இன்றும் தனியார் பண்பலை வானொலிகள் தாமே செய்தி திரட்டி ஒலிபரப்ப அனுமதியில்லை. அகில இந்திய வானொலியின் செய்தியையே அவை எடுத்தாள வேண்டும். உஷாவின் வாழ்க்கை எழுப்பும் இக்கேள்வியைப் படம் எழுப்பவில்லை.

ஒரு குரலின் பெருமை, அது யாருடைய துயரை யாருக்குச் சொன்னது என்பதில் இருக்கிறது. 2001இல் சுரங்கம் மூடப்பட்ட பின்னும் தங்கவயலில் அத்துயர் ஓயவில்லை. அம்மக்களின் கதை, மீட்பன் எவனுமின்றி, அவர்களையே நாயகராகக் கொண்டு திரையேறும் நாளே வரலாற்றுப் படங்களுக்குப் பொன்னாள்.