அவளும் நிலக்காட்சிதானா?

வில்லியம் ஹாட்ஜஸ் லண்டனில் 1776இல் தீட்டிய டஹீட்டி விரிகுடா ஓவியம் இப்போது கிரீனிச் தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ‘மீண்டும் டஹீட்டி’ என்று பெயர். மீண்டும் போனவர்கள் யார்? கப்பல்காரர்கள். அங்கேயே இருந்த பெண்களுக்குத் தலைப்பில் இடமில்லை.

கலை வரலாறு இதை நிலக்காட்சி என்று வகைப்படுத்துகிறது. மலைமுகடுகள், பொன்வெயில், முன்னால் குளிக்கும் பெண்கள். ஒருத்தியின் பிட்டத்தில் பச்சை குத்தியிருக்கிறது. பருவம் வந்ததற்கு அவள் சமூகம் இட்ட அடையாளம் அது. ‘டாட்டூ’ என்ற சொல்லையே ஐரோப்பியர் அந்தத் தீவுகளிலிருந்துதான் எடுத்துப் போனார்கள். சொல்லைக் கொண்டுபோனவர்கள் பொருளை விட்டுவிட்டார்கள். நம் நெய்தலிலும் கடலுண்டு, பெண்ணுண்டு. பாடியவர்களில் ஆண்களே மிகுதி என்பதை நான் மறைக்கவில்லை. ஆனாலும் அங்கே அவள் வாய் திறந்து இரங்குகிறாள். இங்கே முதுகு மட்டும்.

படத்தில் கப்பல் இல்லை. ஹாட்ஜஸ் 1773இல் அங்கே போனதே கேப்டன் குக்கின் ‘ரெசல்யூஷன்’ கப்பலில்தான். அதற்கும் ஆறு ஆண்டுகள் முன்பு, 1767இல், ‘டால்ஃபின்’ என்ற ஆங்கிலக் கப்பல் டஹீட்டியர்மீது பீரங்கியால் சுட்டது. சுட்டு அடக்கிய பிறகு அதன் மாலுமிகள் கப்பலின் இரும்பு ஆணிகளைப் பிடுங்கிப் போய்ப் பெண்களின் உடலுக்கு விலையாகக் கொடுத்தார்கள். பிறகு பால்வினை நோய் பரவியது. கொண்டுவந்தது நாமா பிரெஞ்சுக்காரர்களா என்பதுதான் ஆங்கிலேயரின் கவலை. இதில் எதுவும் அந்த நீரில் தெரியவில்லை.

“அந்தக் காலம் அப்படி, மேடம்” என்று என் மாணவிகளே சொல்வதுண்டு. அப்படியல்ல. ஹாட்ஜஸுக்கு அரசியல் தெரியும். 1780இல் சென்னையில் வந்திறங்கி, வாரன் ஹேஸ்டிங்ஸின் ஆதரவில் வட இந்தியாவைத் தீட்டி, 1787இல் ராயல் அகாடமி உறுப்பினரானவர். பிரான்சோடு போர் நடந்தபோது, ஒரே துறைமுகத்தை அமைதியிலும் போரின் அழிவிலும் காட்டும் இரண்டு ஓவியங்களை லண்டனில் வைத்தார். 1795இல் யார்க் கோமகன் வந்து பார்த்தார், கண்காட்சி மூடப்பட்டது. ஓவியத்தை விட்டு வங்கித் தொழிலில் இறங்கினார், அதுவும் நொடித்தது, 1797இல் இறந்தார். இந்த வீழ்ச்சியைக் கலை வரலாற்றாளர்கள் உருகி எழுதுகிறார்கள். எனக்கும் இரக்கம் உண்டு. ஆனால் கணக்கைப் பாருங்கள்: அழிந்த துறைமுகத்தை அரசகுடும்பம் மூடியது, டஹீட்டியைத் தீட்டி முடிக்கக் கடற்படைத் தலைமையகம் சம்பளம் கொடுத்தது. முன்னது அரசியலாம், பின்னது இயற்கை அழகாம்.

இந்த ஓவியத்தை வகுப்பில் திரையிடும் ஆசிரியர்கள் அந்த ஆணிகளையும் சேர்த்துச் சொல்லட்டும்.