எரிமலையின் அடியில் எழும் அதிர்வுகள்

இராயபுரம் முதல் எண்ணூர் வரை கடலோரம் வாழும் நாம் 2004 டிசம்பர் 26-ஐ மறப்பதற்கில்லை. அன்று ஆழிப்பேரலை எச்சரிக்கையின்றி வந்தது. ஒரு மாதம் கழித்து, நம் துறைமுகத்துக் கப்பல்கள் செல்லும் அந்தமான் கடலில் மற்றொரு நிகழ்ச்சி. 2005 ஜனவரி 26 தொடங்கிச் சில நாட்களுக்குள், நிக்கோபார் தீவுகளுக்கு அருகே, 5-க்கு மேற்பட்ட அளவுடைய நிலநடுக்கங்கள் 150-க்கும் அதிகமாகப் பதிவாயின. கடலடி எரிமலைக்குள் பாறைக்குழம்பு நகர்ந்ததே காரணம் எனப் பின்னர் ஆய்வாளர் விளக்கினர்.

மேலேறும் குழம்பு பாறையைப் பிளக்கிறது; ஆதலால் அதிர்வுகள் கூட்டங்கூட்டமாய் எழுகின்றன. அவை ஆழத்திலிருந்து மேல்நோக்கி நகருமாயின் ஆபத்து நெருங்குகிறது எனலாம். எனினும், குழம்பு இடைவழியிலேயே நின்றுவிடுவதும் உண்டு. அதிர்வு எச்சரிக்கை தருமேயன்றி, நாள் குறித்துத் தராது.

அந்த எச்சரிக்கையே போதும் என்பதற்குப் பிலிப்பைன்ஸ் நாட்டின் பினாட்டுபோ மலை சான்று. 1991-இல் அங்கே அறிஞர் வாரக்கணக்கில் அதிர்வுகளை அளந்து அபாயம் அறிவித்தனர். பல்லாயிரவர் வீடுவாசல் விட்டு வெளியேறினர். ஜூன் 15-இல் மலை பெருவெடிப்பாய் வெடித்தது. குறைந்தது 5,000 உயிர்கள் காக்கப்பட்டன என்பது கணிப்பு.

நமக்கும் 2007 முதல் ஐதராபாத்தில் ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் இயங்குகிறது. 'சென்ற முறை ஒன்றும் நேரவில்லையே' என்று வாளாவிருத்தல் ஆகாது. வீணாய்ப் போன எச்சரிக்கையால் நாம் இழப்பது ஒரு நாள் பிழைப்பு. செவிகொடாத எச்சரிக்கையால் இழப்பதோ, நம் பிள்ளைகளை.