ஒரு வார்த்தை கேட்டுட்டு மூடுங்க!



போன மாதம் நான் ஒரு தப்பு பண்ணினேன். மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

கணினி ஆய்வகத்தில் மணி அடித்ததும் பெயிண்ட்டை மூடாமலே ஓடிவிடுவது நம் வழக்கம். ஒவ்வொன்றாக மூடுவது லீடரான என் தலையில்! அதனால் பைத்தானில் நாலு வரி புரோகிராம் எழுதி எல்லாக் கணினியிலும் போட்டேன். 3.50 ஆனதும் அது விண்டோஸின் ‘டாஸ்க்கில்’ கட்டளையை ‘/எஃப்’ சேர்த்து ஓட்டும். பெயிண்ட் பட்டென்று மறையும். எல்லாரும் கை தட்டினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள், ஏழாம் வகுப்புத் தம்பி ஒருவன் கண்காட்சிக்காக பீரியட் முழுக்க வரைந்த செம்பருத்திப் பூவின் படம், சேமிப்பதற்குள் போயே போச்சு. அவன் அழவில்லை. “அண்ணா, ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?” என்றான். அது இன்னும் என் காதில் நிற்கிறது.

அப்புறம்தான் படித்துப் பார்த்தேன். ‘/எஃப்’ என்றால் கட்டாயமாக நிறுத்து என்று அர்த்தம். தான் மூடப்படுவதே அந்த மென்பொருளுக்குத் தெரியாது. ‘/எஃப்’ இல்லாவிட்டால் அதன் ஜன்னலுக்கு ‘மூடிக்கொள்’ என்று ஒரு செய்தி போகும். மூலையில் உள்ள பெருக்கல் குறியை நாமே அழுத்துவது மாதிரி. “சேமிக்கட்டுமா?” என்று கேட்டுவிட்டுத்தான் மூடும். லினக்ஸிலும் இப்படித்தான். ‘கில்’ என்று மட்டும் கொடுத்தால் 15-ம் எண் சிக்னல் போகும். மென்பொருள் அதைக் கேட்டு, வேலையை ஒழுங்காக முடித்துக்கொள்ளலாம். 9-ம் எண் கொடுத்தால் பேச்சுக்கே இடமில்லை. பைத்தானில் ‘டெர்மினேட்’ என்று சாதுவாக ஒன்று இருக்கிறது. பெயரைப் பார்த்து ஏமாறாதீங்க! விண்டோஸில் அதுவும் ‘கில்’லும் ஒன்றுதான்.

“ஹேங் ஆன மென்பொருள் சொன்னா கேக்குமாடா?” என்று நண்பன் மடக்கினான். நியாயம்தான், கேட்காது. அதற்குத்தான் ‘/எஃப்’. ஆனால் முதலில் சொல்லணும், கொஞ்சம் காத்திருக்கணும், அப்பவும் அசையலைன்னா மட்டும்தான் அது.

இப்போது என் புரோகிராம் 3.45-க்குத் திரையில் எச்சரிக்கும். 3.50-க்கு ‘/எஃப்’ இல்லாமல் மூடச் சொல்லும். “சேமிக்கட்டுமா?” என்று நிற்கும் கணினிக்கு உரியவரை நானே கூப்பிட்டுக் கேட்கிறேன். ரெண்டு நிமிஷம் கூட ஆகுது. ஆகட்டுமே! கணினி பள்ளியுடையது, அதில் இருக்கும் உழைப்பு இன்னொருத்தருடையது.

தம்பியும் நானும் உட்கார்ந்து செம்பருத்தியை மறுபடி வரைந்துவிட்டோம். கண்காட்சியில் வந்து பாருங்கள்.

– 12-ஆம் வகுப்பு மாணவன்